தாத்தாவின் உறையில்லாக் கத்தி: எந்த ஊர்ச் சரக்கு, உறைக்கு எங்கே போவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராயபுரம் வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மடங்காத கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அலகு ஐந்தரை அங்குலம், ஒரு பக்கம்தான் கூர். தோல் வளையங்களை அடுக்கிச் செய்த பிடி, அலகும் பிடியும் சேரும் இடத்தில் பித்தளைத் தடுப்பு, பிடியின் அடியில் வெள்ளை உலோகக் குமிழ். அலகில் ஆங்கில முத்திரை பாதி தேய்ந்து ‘...ஜர்ஸ்’ என்றும், அதன் கீழே ‘ஷெஃபீல்டு’ என்றும் தெரிகிறது. யுத்த காலத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்தது என்பது வீட்டில் சொல்லிவரும் கதை. இது ராணுவக் கத்தியா, இதன் ஒரிஜினல் உறை எங்கே கிடைக்கும் என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கதையை நம்பலாமா என்ற மூன்றாவது கேள்வியும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் படித்தது தோல் தொழில்நுட்பம், பல வருஷம் வேலை பார்த்தது சென்னையில் தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டைச் சுற்றி. பழைய கத்திகள் மேல் வந்தது அப்புறம் பிடித்த பைத்தியம். அதனால் உறையைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கத்தியைப் பற்றிச் சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன். படம் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். கையில் எடுத்துப் பார்க்காத கத்திக்கு யாரும் சான்றிதழ் கொடுக்க முடியாது.

கதையிலிருந்து தொடங்காதீர்கள். சென்னையில் எந்தப் பழைய இரும்பைத் தொட்டாலும் அதோடு ஒரு வெள்ளைக்காரர் வருவார். இன்னும் கொஞ்சம் பழசாக இருந்தால் 1914-இல் வந்து குண்டு போட்ட எம்டன் கப்பலே வரும். உங்கள் தாத்தா பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. துறைமுகத்தில் இருந்தவருக்குக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்திருக்கலாம், அதிகாரியே கொடுத்திருக்கலாம், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் அவரே பேரம் பேசி வாங்கியிருக்கலாம். 1985-இல் அந்தக் கட்டடம் எரியும் வரை ஊரில் இருந்த பழைய சாமான் எல்லாம் ஒரு தடவையாவது அந்த வழியாகப் போய்வந்தவைதான். கத்தியைப் பார்த்து எந்தப் பட்டறை, ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லலாம். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைக் கத்தி சொல்லாது. அதற்குக் கடிதமோ பழைய போட்டோவோ வேண்டும். டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களை எடைக்குப் போட்டுவிடவில்லையே?

சரி, முத்திரை. ஷெஃபீல்டு என்பது இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர். ‘ஜர்ஸ்’ என்று முடிந்து ஷெஃபீல்டு என்று இருந்தால் ராட்ஜர்ஸ் என்ற பெயர்தான் உடனே நினைவுக்கு வரும். அங்கேதான் நிதானம் வேண்டும். ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் என்பது ஷெஃபீல்டின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கே கத்தி செய்து கொடுத்த நிறுவனம், இந்தியாவுக்கும் அவர்கள் சரக்கு ஏராளமாக வந்தது. அவர்களுடைய அடையாளம் ஒரு ஆறுமுனை நட்சத்திரமும் பக்கத்தில் மால்டா சிலுவையும். பல கத்திகளில் கிரீடமும் ஆட்சியில் இருந்தவரின் எழுத்துகளும் இருக்கும். ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா, அதாவது 1901-க்கு முன். ‘ஜி.ஆர்.’ என்றால் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ், அதாவது 1910-க்கும் 1952-க்கும் இடையில். இதே ஷெஃபீல்டில் வில்லியம் ராட்ஜர்ஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு. அதில் நட்சத்திரம் இருக்காது, ‘ஐ கட் மை வே’ என்ற வாசகம் இருக்கும். சாரணர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் உறைக்கத்திகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இந்த வில்லியம்தான். இது போக, பெயர் எடுத்த சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ, கேட்டால் ஒன்றுபோலவே ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து விற்றவர்கள் ஏராளம். அதனால் பெயரை மட்டும் பார்க்காமல் எழுத்துக்கூட்டையும் பக்கத்துச் சின்னத்தையும் பார்த்தாக வேண்டும்.

தேய்ந்த முத்திரையைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அலகோடு ஒட்டிப் படுத்தாற்போல வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்படி பிடியுங்கள். நேரே மேலிருந்து அடித்தால் எதுவும் தெரியாது. அலகை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் குழியெல்லாம் நிழல் பிடித்து எழுத்து எழும்பும். அப்போது இன்னொருவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் முகப் பவுடரை விரலால் தேய்த்து மேலே மட்டும் துடைத்தால் வெள்ளை குழிக்குள் தங்கும். தடுப்பை ஒட்டி, கூர் தொடங்குவதற்கு முன்னால் தட்டையாக ஓர் இடம் இருக்கிறதே, அதன் இரண்டு பக்கமும் பாருங்கள். பெயர் ஒரு பக்கமும் ஊர் மறுபக்கமும் இருப்பது சகஜம். தடுப்பின் அடிப்பக்கத்தையும் குமிழின் தலையையும் விட்டுவிடாதீர்கள்.

இதற்கு முன்னால் கத்தியைச் சுத்தம் செய்துவிடலாம் என்று கை பரபரக்கும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், உப்புத்தாள் எதுவும் வேண்டாம். முத்திரை என்பது ஒரு முடி ஆழம்தான். உப்புத்தாளில் ஐந்து நிமிஷம் போதும், கத்தியின் ஜாதகமே போய்விடும். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். அவர் சக்கரம் காய்கறிக் கத்திக்கு நல்லது, இதற்கு ஆகாது. தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் துருவின் மேல் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மறுநாள் முரட்டுத் துணியால் தேயுங்கள். சிவப்பாகப் பொடிப்பொடியாக வருவது துரு, அது போக வேண்டும். கறுப்பாக, சாம்பலாக, வழவழவென்று ஒட்டியிருப்பது இரும்பு தானே போர்த்திக்கொண்ட போர்வை, அது இருக்கட்டும். பித்தளைத் தடுப்பின் ஓரத்தில் பச்சையாக மெழுகுபோல ஏதாவது இருந்தால் அதுவும் ஒரு சாட்சி: தோலில் உள்ள கொழுப்பு பித்தளையோடு சேர்ந்து உண்டாவது அது. தடுப்பின் அலகுப் பக்கத்தில் அது இருந்தால், இந்தக் கத்தி வெகுகாலம் ஒரு தோல் உறைக்குள் கிடந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். படம் எடுத்துவிட்டுப் பல்குச்சியால் சுரண்டி எடுங்கள்.

காலத்தைச் சொல்லும் வேறு தடயங்களும் உண்டு. ‘இங்கிலாந்து’ என்ற நாட்டுப் பெயர் முத்திரையில் இருந்தால் பொதுவாக 1891-க்குப் பிறகு. தங்கள் நாட்டுக்குள் வரும் சரக்கில் உற்பத்தியான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்த பிறகே இது பரவலாயிற்று. இல்லாவிட்டால் அதற்கு முந்தியது என்று அர்த்தம் அல்ல. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று இருந்தால் 1913-க்குப் பிறகு என்பது நிச்சயம். ஹாரி பிரியர்லி அந்த இரும்பைக் கண்டறிந்தது அந்த ஆண்டில், அதே ஷெஃபீல்டில். காந்தத்தை வைத்து ஸ்டெயின்லெஸ்ஸா இல்லையா என்று பார்க்காதீர்கள், கத்திக்குப் பயன்படுத்தும் ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும். தோல் வளையப் பிடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்பிள்ஸ் கம்பெனி பிரபலமாக்கியது. ஷெஃபீல்டுக்காரர்கள் அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் கத்தியின் வெள்ளைக் குமிழ் எடையில்லாமல், துருவில்லாமல் இருந்தால் அது அலுமினியம். தோல் வளையம், அலுமினியக் குமிழ், ஐந்தரை அங்குல அலகு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 1930-களுக்கும் 1950-களுக்கும் நடுவே என்று சொல்வேன். இது ஊகம், ஆனால் காரணத்தோடு கூடிய ஊகம். விக்டோரியா காலம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம்.

ராணுவக் கத்தியா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை என்றே நினைக்கிறேன். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்றால் அகன்ற அம்புக்குறி ஒன்று எங்காவது குத்தியிருப்பார்கள். மூன்று கோடு ஒரு புள்ளியில் கூடும், காக்கைக் கால்போல இருக்கும். பெயர்பெற்ற கமாண்டோ கத்தி இருபுறமும் கூர் உள்ள மெல்லிய குத்துவாள்; 1940-களின் தொடக்கத்திலிருந்து வில்கின்சன் சோர்டு செய்தது, அதன் வடிவமே வேறு. அமெரிக்கக் கடற்படை வீரர்களின் கத்திக்கும் தோல் வளையப் பிடிதான், ஆனால் அதன் அலகு ஏழு அங்குலம், தடுப்பும் குமிழும் இரும்பு. உங்களுடையது கடையில் விற்ற வேட்டைக் கத்தி. ஆனால் ஒன்று, சிப்பாய்களும் அதிகாரிகளும் சொந்தக் காசில் இப்படிப்பட்ட கத்திகளை வாங்கி வைத்துக்கொண்டதும் உண்டு. ஆகவே அம்புக்குறி இல்லை என்பதால் உங்கள் வீட்டுக் கதை பொய்யாகிவிடாது.

இனி உறை. ஒரிஜினல் உறையைத் தேடுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள் என்பது என் கருத்து. ராணுவக் கத்தி என்றால் எல்லாம் ஒரே அளவு, பழைய உறையோ அதே அளவில் புதிதாகச் செய்ததோ கிடைத்துவிடும். கடைக் கத்திகளுக்கு அப்படி இல்லை. ஒரே பட்டறையின் இரண்டு மாடலுக்கு நடுவே அகலம் கால் அங்குலம் மாறினாலும் போதும், உறை ஆடும் அல்லது கிழியும். அப்படியே ஒன்று இணையத்தில் கிடைத்தாலும், அந்த வயசுத் தோல் பல சமயம் மடித்தால் செம்பொடியாக உதிரும். அதற்குக் கொடுக்கும் காசில் நம் ஊரிலேயே புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். தோலுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம் போங்கள். தோல் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “பாய், இது வெஜிடபிளா, குரோமா?” என்பது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், நிறம் அழகாக இருக்கும், கைப்பைக்கும் ஷூவுக்கும் அருமையானது. கத்தி உறைக்கு வேண்டாம். பதனிடுவதற்கு முன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். அதன் மிச்சசொச்சம் உள்ளே தங்கி, நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தவிர, அது வளைந்து கொடுக்குமே ஒழிய ஒரு வடிவத்தில் நிற்காது. வெஜிடபிள் என்கிற, மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்தான் நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே காயும். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடும் இந்தப் பழைய முறைத் தோலுக்கு, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில், புவிசார் குறியீடே இருக்கிறது.

கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். சந்தேகம் இருந்தால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்து கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சில நொடியில் சுருண்டு, சுருங்கி, காய்ந்தால் கட்டைபோல ஆகிவிடும். குரோம் தோல் பெரிதாக அசையாமல் கிடக்கும். தொழிற்சாலையிலும் இதே சோதனைதான், தெர்மாமீட்டரோடு செய்வோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கனம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் இருக்கட்டும். எருமைத் தோலில் பெல்ட் போடும் ரகம் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தைப்பதற்கு மெஷின்காரரிடம் போகாமல் கையால் தைப்பவரைத் தேடுங்கள். செருப்புத் தைக்கும் மாஸ்டர்களில் நல்ல கை உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கத்தி உறை தைத்துப் பழக்கம் இருக்காது, ஆகவே சிலதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதில் முக்கியமானது இது: உறையின் இரண்டு தோலுக்கும் நடுவில், கூர் வரும் ஓரம் முழுக்க, ஒரு விரல் அகலத்துக்கு மூன்றாவதாக ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தியைச் செருகும் ஒவ்வொரு தடவையும் கூர் நேரே நூலில் போய் உரசும். சில மாதத்தில் தையல் அறுந்து அலகு வெளியே எட்டிப் பார்க்கும், யார் தொடையையாவது பதம் பார்க்கும். நடுப்பட்டை இருந்தால் கூர் அந்தத் தோலில் மோதி நிற்கும். மெழுகு தடவிய கனமான நூல், இரண்டு ஊசி, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் வரும் தையல். அப்படித் தைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிரியாது. வாயிலும் முனையிலும் ஆளுக்கொரு செப்பு ரிவெட். நுனியில் ஒரு சின்ன ஓட்டை, ஈரம் வெளியே போக. பிடியைச் சுற்றி வரும் வாருக்கு அழுத்துப் பட்டன் வைத்தால், அதன் பின்பக்கம் அலகில் உரசாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கீறிவிடும்.

தைத்த பிறகு உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி வடிவம் கொடுக்க வேண்டும். செருகுவதற்கு முன் கத்திக்கு எண்ணெய் பூசி, சமையலறையில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் உறைத்தாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடுங்கள். கடுக்காயும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள், கலம்காரித் துணியின் கறுப்பும் அதே சேர்க்கைதான். சுற்றாமல் செருகினால் உறைக்குள்ளே கறுப்பு, அலகிலும் கறுப்பு, பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. வடிவம் பிடித்ததும் கத்தியை எடுத்துவிட்டு உறையை நிழலில், ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயில் வேண்டாம், தோல் வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் செய்தால் கூடுதலாக இரண்டு நாள் பொறுங்கள். நன்றாகக் காய்ந்த பின் தேன்மெழுகை லேசாகச் சூடாக்கித் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பாகிப் பூசணம் பிடிக்கும்.

பிடியில் இருக்கும் தோல் வளையங்களையும் எண்ணெயில் ஊறப்போடாதீர்கள். உப்பி, இளகி, ஆட ஆரம்பிக்கும். மெழுகு ஒரு பூச்சுப் போதும். குமிழைத் திருகிக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். பல கத்திகளில் அது திருகே இல்லை, உள்ளிருக்கும் இரும்பின் நுனியை அடித்துப் பரப்பியிருப்பார்கள். கழற்றப் போனால் உடையும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, நான் வக்கீல் இல்லை என்ற எச்சரிக்கையோடு. ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருவது ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்; உங்களுடையது அந்த அளவுக்குள் வராது. அதற்காக உறை தைத்ததும் இடுப்பில் மாட்டிக்கொண்டு பீச்சுக்குப் போய்விடாதீர்கள், போலீஸ்காரர் அங்குலத்தை அளந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பெரியமேட்டுக்கு எடுத்துப் போகும்போது அட்டையில் வைத்துக் கட்டி, பையின் அடியில் போட்டு, ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போங்கள். மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் அலகின் உருவத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது; தோல் வாங்கவும் மாஸ்டரிடம் பேசவும் அது போதும். கடைசி அளவு பார்க்கும்போது மட்டும் கத்தி வேண்டும்.

உறை வந்த பிறகும் கத்தியை அதற்குள் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். பட்டைத் தோலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ராயபுரத்தில் கடல் காற்று வேறு. அலகில் எண்ணெய் தொட்டு, பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், உறை பக்கத்திலேயே கிடக்கட்டும். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த முத்திரைப் படம், தடுப்பின் இரண்டு பக்கம், குமிழின் தலை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து முழுக் கத்தி ஆகிய படங்களை இங்கேயே போடுங்கள். நட்சத்திரமா, ‘ஐ கட் மை வே’ என்ற வாசகமா என்பது தெரிந்தால் மிச்சத்தைப் பேசலாம்.